மாஸ்டர் காலுக்கு ஒரு பிரேக்

பங்குனி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கண்மாய்களில் பலவும் காய்ந்து தரை தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்ந்த தண்ணீர் வயலுக்குப் போனது போக மிச்சத்தை வெயில் குடித்துவிடும். பிறகு அடுத்த மழை வரைக்கும் அந்தப் பரப்பு ஊர்ப் பொது. ஒரு மூலையில் கரம்பை அள்ளுகிற டிராக்டர், கரையோரம் சீமைக்கருவேல நிழலில் ஆடுகள், நடுவில் கிரிக்கெட். இவற்றுக்கு அப்பால் ஒரு பழைய கார் முதல் கியரில் முனகிக்கொண்டு வட்டமடிக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அண்ணனாக இருக்கலாம், மாமனாக இருக்கலாம், காசு வாங்கிக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டராகவும் இருக்கலாம்.

இந்த வறண்ட சீமையில் வண்டி ஓட்டக் கற்பித்த வரலாற்றைச் சொல்ல வந்தால் முதல் கருவி இந்தத் தரைதான். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் மோத ஒன்றுமில்லை. வண்டி ஆஃப் ஆனால் பின்னால் ஹாரன் அடிக்க ஆளில்லை. அரை கிளட்சில் வண்டி நகரத் தொடங்கும் அந்த நொடியைக் கால் கண்டுபிடிக்கிற வரைக்கும் பத்துத் தடவை, இருபது தடவை முயன்று பார்க்கலாம். சென்னையிலோ மதுரையிலோ ஒரு டிரைவிங் ஸ்கூல் வாடகை கொடுத்தாலும் கிடைக்காத வெட்டவெளி இங்கே தண்ணீர் வற்றியதால் கிடைத்தது. ஆனால் கண்மாய்த் தரை வண்டியைத்தான் கற்றுக்கொடுக்கும். எதிரே வருகிறவன் என்ன செய்வான் என்பதை அது கற்றுக்கொடுக்காது. நூறாண்டுக்கும் மேலாக இந்தத் தொழிலுக்கென்று வந்த கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இதே குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

திருச்சுழியை வெளியூர்க்காரர்கள் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்றுதான் அறிவார்கள். குண்டாற்றங்கரையில், பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில், 1879 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்தபோது அந்த ஊரின் போக்குவரத்து மாட்டு வண்டிதான். மெட்ராஸில் முதல் மோட்டார் கார் ஓடியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். பாரி கம்பெனியின் இயக்குநர் ஒருவர் அதன் சொந்தக்காரர். 1910களின் தொடக்கத்தில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் தொழிலில் இறங்கினார். மதுரையை நடுவாக வைத்து அது வளர்ந்தது. 1914இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்றும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றும் நாடு முழுவதற்கும் விதித்தது. எங்கே போய்க் கற்பது என்பதை அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

கற்ற இடம் லாரியின் இடது பக்கக் கதவோரம். கிளீனர் என்ற வேலைதான் அன்றைய டிரைவிங் ஸ்கூல்.

ஓட்டுநரின் சொந்தக்காரப் பையனோ, ஊர்ப் பையனோ, பதினான்கு பதினைந்து வயதில் வண்டியில் ஏறுவான். விடியற்காலையில் கண்ணாடி துடைப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, டயரைச் சுத்தியலால் தட்டிக் காற்றைச் சத்தத்தில் அறிவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று ‘வரட்டும், வரட்டும்’ என்று குரல் கொடுப்பது, தடுப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவது. இடது பக்கம் வண்டிக்கும் புளியமரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று கதவைத் தட்டிச் சொல்வதும் அவன் பொறுப்பு. இந்தத் தட்டலை யாரும் பயிற்சி என்று சொன்னதில்லை. ஆனால் வண்டியின் அகலத்தை உடம்பால் உணர்வதற்கு அதைவிட நல்ல பாடம் பிற்பாடு வந்த எந்தப் பள்ளியிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஹேண்டில் போடுவது இன்னொரு பாடம். செல்ப் ஸ்டார்ட் நம்ப முடியாத காலத்தில் எஞ்சினுக்கு முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். கட்டை விரலை வளைத்துப் பிடிக்கக் கூடாது, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். கீழிருந்து மேலே இழுக்கலாம், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழலும். தப்பாகப் பிடித்தவனின் கட்டை விரலோ மணிக்கட்டோ போய்விடும். இதைச் சொல்லிக்கொடுத்த ஓட்டுநர் ஒரே தடவைதான் சொல்வார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பஸ்களின் பின்புறம் கரி அடுப்புகள் ஏறின. மரக்கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டும் அந்த ஏற்பாட்டை மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமும் செய்து விற்றது. வண்டி புறப்படும் முன்பே அடுப்பு மூட்டிக் காற்றடித்துக் கனல வைக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது பெட்ரோல் வண்டியின் இழுப்பு இருக்காது. ஓட்டுகிறவனுக்கு ரோட்டைவிட அடுப்பைப் பற்றிய கவலைதான் அதிகம். நல்ல டிரைவர் என்றால் நல்ல மெக்கானிக் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு இப்படிப்பட்ட காலங்கள் காரணம். அந்த எண்ணம் பிற்பாடு சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

பழைய பெட்போர்டு, பார்கோ லாரிகளின் கியர்பாக்ஸ் இன்றையது போல இணங்கிப் போகாது. டபுள் கிளட்ச் அடித்தால்தான் கியர் விழும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை உறும வைத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியருக்குப் போக வேண்டும். எஞ்சின் சத்தம் சரியான சுருதிக்கு வந்ததா என்பதைக் காதுதான் சொல்லும். கிளீனர் பையன் வருடக்கணக்கில் இடது பக்கம் உட்கார்ந்து இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பான். ஒருநாள் ஆளரவமற்ற சாலையில், நள்ளிரவுக்கு மேல், ‘வா, கொஞ்ச தூரம் பிடி’ என்று ஓட்டுநர் இடம் மாறி உட்காரும்போது அவன் காதில் பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்திருக்கும்.

இந்த முறையில் உண்மையான பலம் இருந்தது. கற்பவன் பல மாதம் சாலையை வெறுமனே பார்த்தான். குறையும் பெரிது. லைசென்ஸ் இல்லாத பையன் கையில் சரக்கு லாரி போனது. குருவின் கெட்ட பழக்கமும் சேர்ந்து கைமாறியது. வசையும் பிடரியில் அடியும் பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தன. சாதியும் சொந்தமும் பார்த்துத்தான் பெரும்பாலும் ஆள் சேர்த்தார்கள். பெண்களுக்கு அந்த இடது பக்கக் கதவு திறக்கவே இல்லை.

கடல் கடந்த நாடுகளில் இது வேறு மாதிரி வளர்ந்தது. லண்டனில் பெக்காம் பகுதியில் 1910இலேயே பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங் தொடங்கிவிட்டது. பிரிட்டன் 1935இல் ஓட்டுநர் தேர்வையும் எல் போர்டையும் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஏமஸ் நேஹார்ட் 1930களின் நடுவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வண்டி ஓட்டுவதைப் பாடமாகவே நடத்தினார். ஆசிரியர் காலுக்கும் ஒரு பிரேக் வேண்டும் என்ற யோசனை இந்தக் காலத்தில்தான் பரவலாயிற்று.

இங்கே முறையான பயிற்சி என்ற யோசனை ஊன்றுவதற்கு அரசு பஸ் வர வேண்டியிருந்தது. 1972இல் தனியார் பஸ்களில் பல நாட்டுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்கு முதன்முதலாகப் பஸ் முகம் காட்டியது பலவும் அதற்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கில் ஓட்டுநர்கள் தேவைப்பட்டபோது, ‘கிளீனராக இருந்து கற்றவன்’ என்ற அடையாளம் போதவில்லை. 1976இல் சென்னை தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் ஏற்பட்டது. அது கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி நடத்தியது. வகுப்பறை, பயிற்சித் தளம், வரிசைப்படுத்திய பாடம் ஆகியவை அப்படித்தான் தமிழ்நாட்டு ஓட்டுநர் உலகத்துக்குள் வந்தன. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம்.வசந்தகுமாரி அரசு பஸ் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். கிளீனர் வழி ஒன்று மட்டுமே இருந்திருந்தால் அந்த நியமனம் நடந்திருக்காது.

இந்தப் பகுதியில் பஸ் என்றாலே ஒரு வருத்தமான ஆண்டும் நினைவுக்கு வரும். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதிய பெயருக்காக மனிதரைக் கொன்ற அந்த மாதங்களில், ஓட்டுநர்கள் கல்லெறிக்கு நடுவே வண்டியைக் கரை சேர்த்தார்கள் என்பதையும் இந்தத் தொழிலின் வரலாறு சொல்லியாக வேண்டும்.

தனியார் டிரைவிங் ஸ்கூலின் கதை காரோடு பின்னிக் கிடக்கிறது. பழைய அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன் இருக்கை ஒரே நீள பெஞ்சு. கியர் தண்டு ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். மாஸ்டர் நகர்ந்து நகர்ந்து பழகுநர் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, வலது காலை நீட்டிப் பிரேக்கை எட்டிவிடலாம். ஆண் ஆணுக்குக் கற்பிக்கும்போது அது சமாளிப்பு. ஒரு பெண் கற்க வந்தால் அந்தச் சமாளிப்பே அவளை விரட்டிவிடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இரண்டு இருக்கைகளும் தனித்தனியாயின, கியர் தரைக்கு இறங்கியது, ஹேண்ட் பிரேக் இரண்டு இருக்கைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. காரை வடிவமைத்தவர்கள் டிரைவிங் ஸ்கூலை நினைத்து அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் மாஸ்டரின் வலது கைக்கு நேராக ஒரு பிரேக் கிடைத்துவிட்டது. சின்ன வண்டி, லேசான ஸ்டியரிங், ஊருக்கு ஊர் கிடைக்கும் உதிரி பாகம். சிற்றூர்களில் டிரைவிங் ஸ்கூல் போர்டுகள் பெருகியதில் அந்த வண்டிக்குப் பெரும் பங்குண்டு.

இடது பக்கத்துக்குப் பெடல் வைத்தது அடுத்த படி. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பயிற்சி வண்டியை மாஸ்டர் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் வசதியாக இரட்டைக் கட்டுப்பாடு இருந்தாக வேண்டும் என்றன. ஒர்க்‌ஷாப்பில் இதை இரண்டு விதமாகச் செய்யலாம். பழகுநரின் கிளட்ச், பிரேக் பெடல்களிலிருந்து ஓர் இரும்புத் தண்டைக் குறுக்கே கொண்டுபோய் இடது பக்கத்தில் இரண்டு பெடல்களைப் பற்றவைப்பது ஒன்று. கேபிள் போட்டு இழுப்பது மற்றொன்று. ஆக்ஸிலேட்டர் பெரும்பாலும் மாஸ்டர் பக்கம் இருக்காது; அவருக்கு வேண்டியது வண்டியை அடக்கும் அதிகாரம் மட்டும்.

இந்த இரண்டு அமைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கேபிளில் இழுப்பு ஒரு வழிதான். மாஸ்டர் மிதித்தால் பழகுநர் பக்கத்துப் பெடல் இறங்கும். பழகுநர் மிதிப்பது மாஸ்டருக்குத் தெரியாது. கெட்டியான தண்டு போட்ட வண்டியில் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசையும். மாஸ்டர் தன் பாதத்தைப் பெடல் மேல் லேசாக வைத்திருந்தால் போதும். பழகுநர் கிளட்சைப் படக்கென்று விடுகிறாரா, பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டுகிறாரா, எதிரே லாரியைக் கண்டதும் கால் நடுங்குகிறதா என்பதெல்லாம் அவர் உள்ளங்காலுக்கு வந்து சேரும். அவர் கண் சாலையிலேயே இருக்கும். ‘கிளட்ச மெதுவா விடு தாயி’ என்று அவர் குனிந்து பார்க்காமலே சொல்வதன் ரகசியம் அதுதான். நிறுத்துவதற்காக வைத்த ஒரு துண்டு இரும்பு, மாணவரை அறிந்துகொள்ளும் கருவியாகவும் ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் உருவான நல்ல வடிவமைப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அதே 1989 விதிகளில், டிரைவிங் ஸ்கூல் நடத்த லைசென்ஸ் கேட்பவரிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. கரும்பலகை, மாதிரிச் சிக்னல்களோடு சாலை வரைந்த பலகை, போக்குவரத்துக் குறியீட்டு அட்டைகள், காவலரின் கைசைகை அட்டை, வண்டியின் உறுப்புகளை விளக்கும் சார்ட், எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் லீவர், ஜாக்கி, காற்று பார்க்கும் கேஜ், ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், கையேடு, பெஞ்சு, மேசை. மாஸ்டராக இருப்பவர் பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஐந்து வருடம் ஓட்டிய அனுபவமும் மோட்டார் மெக்கானிசத்தில் சான்றிதழும் வேண்டும்.

இதைப் படிக்கும்போது ஹேண்டில் போட்ட காலமும் கரி அடுப்பு பஸ்ஸும் கண்முன் வருகின்றன. பட்டியலில் கணிசமானவை வண்டியைக் கழற்றி மாட்டும் சாமான்கள். சாலைக்கென்று இருப்பவை சில அட்டைகளும் ஒரு பலகையும். எத்தனையோ ஸ்கூல்களில் வெட்டிக் காட்டிய எஞ்சின் ஒன்று பச்சை, சிவப்பு பெயின்டோடு மூலையில் தூசி படிந்து நிற்கிறது. ஆய்வுக்கு அதிகாரி வரும்போது காட்டுவதற்கு அது வேண்டும். இன்றைய காரின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். ஓட்டுகிறவர் கையால் சரிசெய்வதற்கு அங்கே அதிகம் இல்லை. அவரைக் கொல்லக்கூடியது சாலையில் இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர்.

எல் போர்டுக்கும் அந்த விதிகளில் அளவு உண்டு. 18 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டர், தடிமன் 2, அடிப்பகுதி அகலம் 9. மாணவருக்கு எதைக் கற்பிப்பது என்ற பாடத்திட்டமும் அவற்றில் உண்டு; நடைமுறையில் எண்ணப்படுவது நாளும் மணியும்தான். காருக்கு 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரம் வண்டி ஓட்டம். லாரி, பஸ்ஸுக்கு 30 நாள், 15 மணி நேரம். மணிக்கணக்கு நிரம்பினால் பயிற்சி முடிந்தது.

பயிற்சியின் உள்ளடக்கத்தை உண்மையில் தீர்மானித்தது வேறொன்று: எட்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ‘எட்டு போட்டுக் காட்டு’ என்ற சொற்றொடர் தெரியாத தமிழர் குறைவு. தரையில் வரைந்த எட்டுக்குள் காலை ஊன்றாமல் பைக்கைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். மெதுவாகப் போகும்போது சமநிலை தவறாமல் இருக்கிறாரா, இரண்டு பக்கமும் திருப்பத் தெரிகிறதா என்று பார்க்க அது நல்ல சோதனைதான். கெட்டது என்னவென்றால் சோதனையே பாடமாகிப் போனது. ஸ்கூலுக்குப் பக்கத்துப் பொட்டலில் சுண்ணாம்புப் பொடியில் அதே அளவு எட்டு வரைந்து, அதே வேகத்தில், அதே ஸ்கூட்டரில் பழக்கிவிடுவார்கள். எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் எட்டை முடித்தவர், மறுநாள் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் வரும் கார் இன்னும் எவ்வளவு நேரத்தில் தன்னிடம் வரும் என்று மதிப்பிட எட்டு கற்றுக்கொடுத்திருக்காது.

இரட்டைக் கட்டுப்பாடு வேண்டும் என்ற அந்த விதியில் ஒரு விலக்கு இருக்கிறது: மோட்டார் சைக்கிளுக்கு வேண்டாம். இயந்திர அமைப்பின்படி அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திருச்சுழி வட்டாரத்தில் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டிக்காகத்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் மாஸ்டருக்குக் கருவி என்று ஒன்றுமே இல்லை. பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிக்கலாம்; இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடலாம்.

சைக்கிள் காலத்திலிருந்து வருகிற முறை அது. வாடகை சைக்கிளை எடுத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்குப் பின்னால் அண்ணன்கள் இப்படித்தான் ஓடினார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. ஏற்கெனவே கற்ற பெண்ணே அடுத்தவளுக்கு மாஸ்டர். பயத்தை நீக்கும் வேலையைக் கூட்டமாகச் சேர்ந்து செய்தார்கள். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு ஸ்கூட்டர் மானியம் கொடுக்கத் தொடங்கி லைசென்ஸும் கேட்டபோது, மில்லுக்கும் நூறு நாள் வேலைக்கும் அங்கன்வாடிக்கும் போகிற பெண்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு வந்தார்கள். பின்னால் உட்கார்ந்து கையை நீட்டும் பழைய முறை அவர்களுக்கு ஒத்துவராது. சில ஊர்களில் பெண் மாஸ்டர்களே தீர்வானார்கள். தொழில்நுட்பம் கைகொடுக்காத இடத்தில் ஆளை மாற்றித்தான் சரிசெய்ய முடிந்தது.

சிமுலேட்டர் புதிய சங்கதி போலத் தோன்றும். அதன் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏட்னா காப்பீட்டு நிறுவனம் டிரைவோட்ரெய்னர் என்று ஒன்றைப் பள்ளிகளில் வைத்தது. வகுப்பறையில் பொம்மைக் கார்கள் போன்ற இருக்கைகள் வரிசையாக நிற்கும். எதிரே திரையில் சாலைப் படம் ஓடும். ஒவ்வொரு மாணவரும் எப்போது பிரேக் போட்டார், எப்படித் திருப்பினார் என்பது பதிவாகும். தமிழ்நாட்டில் 1995இல் நாமக்கல்லில் அசோக் லேலண்ட் தொடங்கிய ஓட்டுநர் பயிற்சி மையம் லாரிக்காரர்களுக்கு முறையான பயிற்சியைக் கொண்டுவந்தது. லாரி ஊரிலேயே அது அமைந்தது பொருத்தம்.

2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்துக்குச் சிமுலேட்டரையும் தனிச் சோதனைத் தளத்தையும் கட்டாயமாக்கின. கார் மையத்துக்கு ஒரு ஏக்கர், கனரக வண்டிக்குச் சமவெளியில் இரண்டு ஏக்கர். காருக்கு 29 மணி நேரப் பாடம், அதில் 8 வகுப்பறையில், 21 வண்டியில். அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. திருச்சுழிச் சீமையில் நிலம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் மாஸ்டரும் ஒரு பழைய காருமாக நடக்கும் ஸ்கூலுக்குச் சிமுலேட்டரின் விலை எட்டாது. அப்படியே வாங்கினாலும் திரையில் வருவது எந்த ஊர்ச் சாலை என்ற கேள்வி நிற்கிறது.

2019இல் டேராடூனில் நடந்தது அதைவிட நம்பிக்கை தருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகத்தார் ஹாம்ஸ் என்ற ஏற்பாட்டை அங்கே ஓட்டுநர் தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன். அதன் ஒரு கேமரா ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கும், மற்றொன்று சாலையை. சீட் பெல்ட் போட்டாரா, திரும்பும் முன் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாரா என்பதைக்கூட அது கவனிக்கும். கை, கால் என்ன செய்கின்றன என்பதோடு நின்ற கருவிகளுக்கு நடுவில், கண் எங்கே போகிறது என்று கேட்ட கருவி இது. தேர்வுக்காகச் செய்ததைப் பயிற்சிக்குத் திருப்பினால், பாடம் முடிந்ததும் மாஸ்டரும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு பதிவு கிடைக்கும்.

பிரிட்டன் 2002இல் ஆபத்தை முன்னறியும் தேர்வை எழுத்துத் தேர்வோடு சேர்த்தது. சாலைக் காட்சிகள் ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே பொத்தானை அழுத்த வேண்டும். அதே போன்ற ஒன்றை அருப்புக்கோட்டை–திருச்சுழி–நரிக்குடிச் சாலையில் படம் பிடித்தால் அதில் என்னென்ன வரும் என்று இந்த ஊர் மாஸ்டர்களைக் கேட்டால் நொடியில் அடுக்குவார்கள். ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்ட சோளமும் உளுந்தும், அதன் ஓரத்தில் வைத்த கல். வெயில் தாழ்ந்ததும் கிடைக்குத் திரும்பும் செம்மறி மந்தை. ஓர் ஆடு கடந்துவிட்டால் மிச்சமெல்லாம் பின்னால் பாயும். கருவேலத்துக்குள்ளிருந்து தாழப் பறந்து குறுக்கிடும் மயில். பின்விளக்கில்லாத கரம்பை டிராக்டர். சாலையின் வலது பக்கத்தில் நின்ற மினிபஸ்ஸைப் பிடிக்கக் குறுக்கே ஓடும் பள்ளிப் பிள்ளை. இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை; மாஸ்டர்களின் வாயில் இருக்கிறது.

மணிக்கணக்கைக் கூட்டினால் மட்டும் விபத்து குறையாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டிகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் ஏறத்தாழ 16,000 மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விரிவான பயிற்சி பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் விபத்தில் எதிர்பார்த்த அளவு நிலையான வேறுபாடு தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 1970 முதல் காசு வாங்கிக் கார் ஓட்டக் கற்பிக்க வேண்டுமானால் கற்பிக்கும் திறனுக்கே தேர்வெழுதிப் பதிவு பெற வேண்டும். இங்கே மெக்கானிக் சான்றிதழ் கேட்கும் விதி, கற்பிக்கத் தெரியுமா என்று மாஸ்டரைக் கேட்டதில்லை. பொறுமையும் சாமர்த்தியமும் உள்ள நூற்றுக்கணக்கானவர்கள் தாங்களாகவே அதைக் கற்றுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு டிரைவிங் ஸ்கூலிலும் படிவம் 15 என்ற பதிவேடு இருக்கிறது. தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த வகை வண்டி, மாஸ்டர் கையெழுத்து, பழகுநர் கையெழுத்து. அதில் இன்னும் ஒரு பத்திக்கு இடம் ஒதுக்கலாம்: இன்று எந்த இடத்தில் தடுமாறினார், அடுத்த வகுப்பில் எதைப் பார்க்க வேண்டும். பாளையம்பட்டி முக்கில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனார், மந்தையைக் கண்டு ஹாரன் அடித்தார், கண்ணாடி பார்க்காமல் திரும்பினார் என்று தமிழில் ஒரு வரி. சிமுலேட்டர் வாங்க முடியாத ஸ்கூலும் நாளைக் காலையிலேயே இதைத் தொடங்கலாம். ஒரு வருடத்துப் பதிவேடுகளைச் சேர்த்து வைத்தால் இந்தச் சீமைச் சாலைகளுக்கான பாடப் புத்தகத்தின் முதல் கையெழுத்துப் பிரதி கையில் இருக்கும்.